பதினெட்டரை விநாடி: ஒரு மொட்டைமாடித் தரைநிலையத்தின் கோளாறு

ஒரே வாரத்தில் 23 கடப்புகளைப் பதிவு செய்தோம். எல்லாம் 437 மெகாஹெர்ட்ஸ் பக்கம் பேசும் ஐந்து சிறிய கியூப்சாட் செயற்கைக்கோள்கள். ஒன்றிலிருந்தும் ஒரு தரவுப் பாக்கெட்கூடக் கிடைக்கவில்லை. இத்தனைக்கும் அதே மாடியில், அதே கம்ப்யூட்டரில், ரஷ்யாவின் மீட்டியோர் வானிலைக் கோள்கள் அனுப்பும் மேகப் படங்கள் தினமும் ஒழுங்காக வந்துகொண்டிருந்தன. (கோள் ஒரு பக்கத் தொடுவானத்தில் எழுந்து மறுபக்கம் இறங்கும்வரை உள்ள பத்துப் பதினைந்து நிமிடத்தைத்தான் கடப்பு என்கிறேன்.)

காரணம் கடைசியில் சப்பென்று இருந்தது. ஒரே ஒரு கட்டளை அடித்திருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும். அதை அடிக்கத் தோன்றாமல் நாங்கள் எங்கெல்லாம் சுற்றினோம் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். செயற்கைக்கோள் சிக்னலைத் தரையிலிருந்து பிடிக்கும் தரைநிலையத்தின் மென்பொருள் கற்க இறங்குகிறவர்களுக்கு ரேடியோவைப் பற்றிச் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். இந்தப் பக்கத்தை யாரும் எனக்குச் சொல்லவில்லை.

யார், எங்கே

நான் சரக்குக் கிடங்குகளுக்கு மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். ரேடியோ என்றால் காரில் ஒலி 96.8 கேட்பதோடு சரி. அக்கா மகள் பலதுறைத் தொழிற்கல்லூரியில் மின்னணுவியல் படிக்கிறாள். இதில் என்னை இழுத்துவிட்டவளே அவள்தான். மச்சான் கப்பல் பட்டறையில் குளிர்சாதன டெக்னீஷியன். கம்பம் நடுவது, கேபிள் இழுப்பது, சால்டரிங் வைப்பது எல்லாம் அவர் கை.

மாடி எங்களுடையது இல்லை. சிங்கப்பூரில் வீவக அடுக்குமாடி வீட்டு ஜன்னலுக்கு வெளியே ஆன்டெனாவை நீட்டி வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்க முடியாது. மச்சானுக்குப் பழக்கமான ஒரு பெரியவருக்குச் சிராங்கூன் கார்டன்ஸ் பக்கம் தரைவீடு. ஒரு காலத்தில் வணிகக் கப்பல்களில் ரேடியோ அதிகாரியாக இருந்தவர். எங்களுக்கு அண்ணன், அக்கா மகளுக்கு அங்கிள். மொட்டைமாடியையும் கரண்டையும் விருந்தினர் வைஃபையையும் கொடுத்தார். பதிலுக்குக் கேட்டது ஒன்றுதான்: வரும் மேகப் படங்களைத் தினமும் அவர் போனுக்கு அனுப்ப வேண்டும்.

நம் ஊரின் இருப்பிடத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். துருவப் பாதையில் போகும் தாழ்வான கோள் ஒன்று நாளைக்கு 14, 15 தடவை பூமியைச் சுற்றுகிறது. நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவில், 78 டிகிரி வடக்கில் உள்ள நிலையத்துக்கு ஏறக்குறைய ஒவ்வொரு சுற்றும் கண்ணில் படும். நாம் இருப்பது 1.3 டிகிரி வடக்கு. கோள் ஒவ்வொரு சுற்றிலும் நிலநடுக்கோட்டை வேறு வேறு இடத்தில் தாண்டுவதால், நமக்கு நாளைக்கு நாலைந்து தடவை தலைகாட்டினால் பெரிது. அதிலும் நல்ல உயரத்துக்கு எழும்புவது ஒன்றோ இரண்டோ. ஒரு கடப்பைத் தவறவிட்டால் அடுத்த நல்ல கடப்புக்கு அரை நாள் காத்துக் கிடக்க வேண்டும். இந்தத் தொல்லை தெரிந்துதான் டெலியோஸ்-1 கோளை 15 டிகிரி சாய்வில், நிலநடுக்கோட்டை ஒட்டிய பாதையில் வைத்தார்கள். 2015 டிசம்பரில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பிஎஸ்எல்வி-சி29 சுமந்துபோன சிங்கப்பூரின் ஆறு கோள்களில் அதுதான் பெரியது. அப்படிப்பட்ட பாதையில் இருக்கும் கோள் ஒவ்வொரு சுற்றிலும் நம் வானில் எட்டிப் பார்க்கும்.

செந்தோசாவில் 1971இல் திறந்த நாட்டின் முதல் தரைநிலையம் பேசிய கோள்கள் வேறு வகை. அவை 35,786 கிலோமீட்டர் உயரத்தில், பூமியோடு சேர்ந்தே சுற்றுவதால் வானில் அசையாமல் நிற்பதுபோல் தெரியும். நம் எஸ்டி-2 தொலைத்தொடர்புக் கோள் கிழக்கே 88 டிகிரியில் நிற்கிறது; சிங்கப்பூரிலிருந்து பார்த்தால் 71 டிகிரி உயரம், கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு மேலே. டிஷ்ஷை ஒரு தடவை திருப்பி முடுக்கினால் போதும். கடிகாரம் நின்றுபோனாலும் சிக்னல் வரும். எங்களுடையது அப்படிப்பட்ட நிலையம் இல்லை.

முதலில் கிடைத்த சுலபமான வெற்றி

2025 தொடக்கத்தில் பலமாடிக் கார் நிறுத்தத்தின் மேல்தளத்தில் நின்றுதான் ஆரம்பித்தோம். 53.4 சென்டிமீட்டர் நீளத்தில் இரண்டு அலுமினியக் குச்சிகள், நடுவில் 120 டிகிரி, வடக்கு தெற்காகப் படுக்க வைத்தால் வி-டைபோல் ஆன்டெனா தயார். அதோடு யுஎஸ்பியில் செருகும் சிறு ரேடியோ வாங்கியான ஓர் ஆர்டிஎல்-எஸ்டிஆர் டாங்கிள், ஒரு மடிக்கணினி. 137.1 மெகாஹெர்ட்ஸில் அமெரிக்காவின் நோவா-19 வானிலைக் கோள் விநாடிக்கு இரண்டு வரி வீதம் படம் அனுப்பிக்கொண்டிருந்தது. டிக்டிக் என்ற அந்தச் சத்தம் கேட்டு, சுமத்ராவின் மேற்கு விளிம்பு திரையில் வரி வரியாக இறங்கியபோது, கார் எடுக்க வந்த ஒருவர்கூட நின்று பார்த்துவிட்டுப் போனார்.

நோவா-18ஐ ஜூன் மாதத்திலும், 15, 19 இரண்டையும் ஆகஸ்டிலும் அணைத்துவிட்டார்கள். 1998இல் ஏவிய நோவா-15 அதுவரை ஓடியதே பெரிய விஷயம். அப்புறம் மீட்டியோர்-எம் 2-3, 2-4 பக்கம் போனோம். அவை டிஜிட்டல்: ஆஃப்செட் கியூபிஎஸ்கே, விநாடிக்கு 72,000 சிம்பல், அதன் மேல் கான்வல்யூஷன், அதற்கும் மேல் ரீட்-சாலமன் என இரண்டு பிழைதிருத்தக் குறியீடுகள். வாயேஜர் கலங்கள் பயன்படுத்திய அதே குடும்பத்துக் குறியீடு. அதைப் பிரிக்கும் விட்டர்பி டீகோடரைச் சொந்தமாக எழுதியே தீருவேன் என்று இரண்டு வாரம் உட்கார்ந்தேன். எழுதியும் முடித்தேன். சாட்டம்ப் மென்பொருள் அதே பதிவைச் சில விநாடிகளில் பிரித்துக் கொடுத்துவிட்டது. கற்றுக்கொள்ள நல்ல வேலைதான், வீண் என்று சொல்லமாட்டேன். ஆனால் மனதுக்குப் பிடித்த வேலை இருக்கும் இடத்திலேயே கோளாறும் இருக்கும் என்று நம்பும் பழக்கம் எனக்கு அங்கேதான் ஒட்டிக்கொண்டது.

கையால் இயக்கியவரை நேரத்தைப் பற்றி யோசிக்க வேண்டியிருக்கவில்லை. போனில் கடப்பு நேரம் பார்ப்போம், ஐந்து நிமிடம் முன்னால் போய் நிற்போம், சத்தம் கேட்கும். தானாக இயங்கும் நிலையம் வேண்டும் என்றதும் நாலு துண்டு நிரல்கள் தேவைப்பட்டன. கோள்களின் பாதை விவரத்தைத் தினமும் இறக்கி வைப்பது ஒன்று. டிஎல்இ என்று சொல்லும் அந்த இரண்டு வரிகள், ஒவ்வொன்றும் 69 எழுத்து, கோள் எப்போது எங்கே இருந்தது என்பதைச் சொல்லும். அதை எஸ்ஜிபி4 கணக்கில் போட்டு அடுத்த கடப்புகளைக் கணிப்பது இரண்டாவது. நேரம் வந்ததும் டாங்கிளைத் திறந்து பதிவது மூன்றாவது. பதிந்ததைப் பிரிப்பது நாலாவது.

முதல் நாளே எல்லாக் கடப்புகளும் ஒரு மணி ஐந்து நிமிடம் தள்ளி விழுந்தன. அக்கா மகள்தான் பிடித்தாள். பைத்தானின் பழைய பைடிஇசட் நூலகத்தில் சிங்கப்பூர் நேர மண்டலத்தை எடுத்து நேரடியாகத் தேதியோடு ஒட்டினால், அது யுடிசி+8ஐ, அதாவது உலகப் பொது நேரத்தோடு எட்டு மணி கூட்டியதைக் கொடுக்காது. பட்டியலில் முதலில் இருக்கும் உள்ளூர்ச் சூரிய நேரத்தை, அதாவது யுடிசி+6:55ஐ எடுத்துக்கொள்ளும். 103 டிகிரி 51 நிமிடத் தீர்க்கரேகைக்கு உரிய நேரம் அது. சிங்கப்பூர் அதற்கப்புறம் எத்தனை தடவை கடிகாரத்தைத் திருப்பியது, 1982 ஜனவரி 1 அன்று அரை மணி நேரம் முன்னால் தள்ளி இன்றைய நேரத்துக்கு வந்தது எல்லாம் அந்த நூலகத்துக்குத் தெரியும். கேட்கிற விதத்தில் கேட்க வேண்டும். ஸோன்இன்ஃபோவுக்கு மாற்றினோம், உள்ளே எல்லாவற்றையும் யுடிசியில் வைத்துக்கொண்டோம். சரியாகிவிட்டது.

"நேரப் பிரச்சினை முடிந்தது" என்று குறிப்பேட்டில் எழுதிக் கோடு போட்டேன். பிறகு வந்த எல்லாத் தொல்லைக்கும் அந்த ஒரு கோடு பெரிய உதவி செய்தது.

மாடிக்குப் போனது

ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் அண்ணன் வீட்டு மாடிக்குக் கொண்டுபோனோம். தண்ணீர் புகாத பெட்டிக்குள் ராஸ்பெர்ரி பை 4 என்ற சிறு கணினி, இரண்டு டாங்கிள்கள். 137க்கு வி-டைபோல். 437க்கு ஒரு திசையை நோக்கும் ஏழு எலிமென்ட் யாகி ஆன்டெனா, அதைக் கோளின் பக்கம் திருப்ப இரண்டாம் கையாக வாங்கிய சுழலியின் மேல். முதலில் என் போனின் ஹாட்ஸ்பாட்டில் இணைத்துச் சோதித்தோம். மாலையில் விருந்தினர் வைஃபைக்கு மாற்றிவிட்டுக் கீழே வந்து புரோட்டா சாப்பிட்டோம். இந்த வாக்கியத்தில்தான் கோளாறு நுழைந்தது. அப்போது யாருக்குத் தெரியும்?

முதல் பத்து நாள் மீட்டியோர் மட்டும். படங்கள் அருமை. அண்ணன் காலைத் தேநீரோடு பார்த்துவிட்டு, "இன்னைக்கு மத்தியானம் சுமத்ராப் பக்கத்திலிருந்து மழை வரும்" என்று பதில் போடுவார். பதினோராம் நாள் கியூப்சாட்களுக்கு வந்தோம். ஒன்றும் இல்லை.

தப்பான வழிகள்

437இல் ஒன்றும் வராததற்குக் காரணம் தேட வெகுதூரம் போக வேண்டியதில்லை. மீட்டியோர் வாட் கணக்கில் சத்தம் போடும் பெரிய கோள். கியூப்சாட் ஒரு டிபன் பாக்ஸ் அளவு. 500 கிலோமீட்டர் உயரத்தில் தலைக்கு மேல் இருக்கும்போது வழி இழப்பு, அதாவது தூரத்தால் சிக்னல் மங்குவது, 139 டெசிபெல். தொடுவானத்தில் தூரம் 2,500 கிலோமீட்டரைத் தாண்டும், இழப்பு 153க்குப் போகும். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்ததும் மூவருக்கும் ஒரே எண்ணம்: சிக்னல் போதவில்லை.

மச்சான் சிம் லிம் டவரில் புது கனெக்டர்கள் வாங்கி எல்லா முனைகளையும் மாற்றினார். முன்பெருக்கியை ஆன்டெனா அடியிலேயே வைத்தோம். 433 மெகாஹெர்ட்ஸ் பக்கம் பேசும் ரிமோட்டுகளும் கம்பியில்லா அழைப்புமணிகளும் அக்கம்பக்கத்தில் இருக்குமே என்று அதற்கு ஒரு வடிகட்டி. இரைச்சல் குறைந்தது உண்மை. பாக்கெட் வரவில்லை. அதே கோள்களை அதே நாட்களில் சாட்நாக்ஸ் என்ற ஆர்வலர் வலையமைப்பின் வேறு நாட்டு நிலையங்கள் கேட்டிருந்தன. ஆக, கோள்கள் உயிரோடுதான் இருந்தன.

இதற்கிடையே நான் ஒரு தப்பு செய்யப் பார்த்தேன். ஒவ்வொரு கடப்பையும் பிரிப்பதற்கு முன்னால் உள்ள கச்சா ஐக்யூ பதிவாகச் சேமித்துக்கொண்டிருந்தோம். விநாடிக்கு 2,50,000 மாதிரி, மாதிரிக்கு இரண்டு பைட். பத்து நிமிடத்துக்கு 300 மெகாபைட். பாக்கெட் இல்லாத பதிவை அழித்துவிடலாம், வட்டு நிரம்புகிறது என்றேன். "ஒண்ணுமே வரலைங்கிற பதிவைத்தானே மாமா வெச்சுக்கணும்" என்று அக்கா மகள் ஒரு வெளி வட்டை மாட்டிவிட்டாள். நிலையம் தப்பித்தது அந்த வட்டால்தான்.

இடியும் நள்ளிரவுச் செய்தியும்

பதினேழாம் நாள் சாயங்காலம் நல்ல இடி. சிங்கப்பூரில் ஆண்டில் கிட்டத்தட்ட பாதி நாள் எங்காவது இடி இடிக்கும் என்பதால் ஆன்டெனாவுக்கு எர்த் எல்லாம் போட்டிருந்தோம். இருந்தாலும் ஐந்து மணி போல வீட்டின் மெயின் ஸ்விட்ச் விழுந்துவிட்டது. அண்ணன் ஜொகூர் போயிருந்தார். எட்டு மணிக்கு வந்து தூக்கிவிட்டார்.

அன்று நள்ளிரவு தாண்டி 12:35க்கு அக்கா மகளின் போன் சத்தம் போட்டது. நிலையத்திலிருந்து செய்தி: "9:20 கடப்பு முடிந்தது, படம் இல்லை." தூக்கக் கலக்கத்தில் படமில்லை என்பதை மட்டும் பார்த்துவிட்டுப் படுத்துவிட்டாள். காலையில் என்னிடம் சொன்னாள். நான் பதிவேட்டைத் திறந்தேன். கடப்பு தொடக்கம் 13:20 யுடிசி என்று இருந்தது. எட்டைக் கூட்டினால் இரவு 9:20. சரியாகத்தானே இருக்கிறது என்றேன். ஆன்டெனாவில் இடி இறங்கியிருக்குமோ என்று மச்சானைக் கூப்பிடப் போனேன்.

அவள் என்னை நிறுத்தினாள். ஒன்பதரைக்கு முடிந்த கடப்புக்கு ஏன் பன்னிரண்டரைக்குச் செய்தி வந்தது? என் போனின் நேரம் சரி. அப்படியென்றால் யாருடைய நேரம் தப்பு?

ராஸ்பெர்ரி பை 4க்குள் பேட்டரி வைத்த கடிகாரம் கிடையாது. கரண்ட் போய் வந்தால், கடைசியாகச் சேமித்து வைத்த நேரத்திலிருந்து தொடரும். பிறகு இணையத்தில் என்டிபி சேவகனைக் கேட்டு நேரத்தைச் சரிசெய்துகொள்ளும். எங்களுடையது சாயங்காலம் ஐந்து மணியிலிருந்தே தொடர்ந்திருந்தது. மூன்று மணி நேரம் பின்னால். யாரையும் கேட்கவில்லை.

டைம்டேட்சிடிஎல் என்று ஒரு கட்டளை. அடித்தேன். கடிகாரம் ஒத்திசைந்ததா என்ற வரிக்கு எதிரே "இல்லை" என்று இருந்தது.

விருந்தினர் வைஃபையில் இணையப் பக்கங்களுக்கான வழி மட்டும் திறந்து, மற்றதெல்லாம் அடைத்திருந்தது. விருந்தினருக்கு அது போதும், அமைத்தவர்மேல் குற்றமில்லை. என்டிபி போகும் யுடிபி 123ஆம் போர்ட் அடைபட்டிருந்தது. டிஎல்இ இறக்கம் இணையப் பக்க வழியிலேயே போனதால் தினமும் தவறாமல் நடந்தது. இணையம் இருக்கிறது, டிஎல்இ புதிதாக இருக்கிறது, பதிவேடு ஒழுங்காக ஓடுகிறது. சந்தேகப்பட என்ன இருக்கிறது?

வளைந்த கோடு

இடிக்குப் பிறகு நடந்தது இத்தோடு தெளிவு. கையால் நேரத்தைத் திருத்தியதும் மீட்டியோர் படங்கள் திரும்பின. நான் அங்கேயே நிறுத்தியிருப்பேன். அண்ணன்தான் தே தாரிக் ஆற்றிக் கொடுத்தபடி கேட்டார்: "சரி, கரண்ட் போறதுக்கு முன்னாடி கடிகாரம் எப்படி ஓடுச்சு? எதோட ஒப்பிட்டுப் பார்த்தீங்க?"

எதோடும் ஒப்பிடவில்லை.

அவர் சொன்ன கப்பல் வழக்கம் எனக்குப் புதிது. கப்பலின் துல்லியக் கடிகாரமான குரோனோமீட்டரைத் திருத்தவே மாட்டார்களாம். தினமும் ரேடியோ நேரக் குறிப்போடு ஒப்பிட்டு, எத்தனை விநாடி பிழை, நாளுக்கு எவ்வளவு வீதம் கூடுகிறது என்று நோட்டில் எழுதுவார்களாம். "நாலு விநாடி பிசகுனா நம்ம ஊர்ப் பக்கம் ஒரு கடல் மைல் தள்ளி நிப்ப. கடிகாரம் தப்பா ஓடலாம், தப்பு எவ்வளவுன்னு தெரியாம ஓடக்கூடாது."

அன்று இரவே வெளி வட்டிலிருந்த பதிவுகளை எடுத்தோம். கோளின் ஓட்டத்தால் அலைவரிசை மாறுவதுதான் டாப்ளர். அதற்குத் திருத்தம் எதுவும் செய்யாமல், நேரத்தோடு அலைவரிசை எப்படி மாறுகிறது என்று காட்டும் வாட்டர்ஃபால் படமாக வரைந்தால், கோள் வரும்போது அலைவரிசை கூடியும், போகும்போது குறைந்தும், படுத்த எஸ் மாதிரி ஒரு மங்கலான கோடு தெரியும். 437இல் இரண்டு முனைக்கும் ஏறக்குறைய 10 கிலோஹெர்ட்ஸ் கூடுதல், குறைவு. இந்த மாற்றம் சீராக நடப்பதில்லை. எழும்போதும் மறையும்போதும் நிதானமாகவும், தலைக்கு மேலே வரும் நிமிடத்தில் சடசடவென்றும் இறங்கும். 500 கிலோமீட்டர் உயரத்தில் நேர் மேலே போகும் கோளுக்கு அந்த உச்சத்தில் விநாடிக்கு 150 ஹெர்ட்ஸுக்கு மேல்.

அந்த எஸ்ஸின் நடுப்புள்ளிதான் கோள் நமக்கு மிக அருகில் இருந்த நேரம். வாட்டர்ஃபாலில் அதைக் குறித்தோம். டிஎல்இ சொல்லும் நேரத்தோடு ஒப்பிட்டோம். பதினோராம் நாள் பதிவில், எங்கள் கடிகாரப்படி, கோள் 18.5 விநாடி முன்னதாகவே வந்துவிட்டுப் போயிருந்தது.

டிஎல்இ பழையதாக இருந்தாலும் இப்படி ஆகும். ஆனால் ஒரு நாள் வயதான டிஎல்இயில் பிழை ஓரிரு கிலோமீட்டர் அளவில் இருக்கும், 18.5 விநாடி என்பது 140 கிலோமீட்டர். அதோடு, அன்று பதிந்த மற்றக் கோள்களையும் பார்த்தோம். எல்லாவற்றிலும் அதே அளவுதான். பாதைக் கணக்கு தப்பென்றால் ஒவ்வொரு கோளும் தன் விருப்பத்துக்குத் தப்பும். எல்லாம் சேர்ந்து ஒரே அளவில் தப்பினால் குற்றவாளி நம் பக்கம். டாங்கிளின் அலைவரிசையை நிர்ணயிக்கும் படிகம் பிசகியிருந்தால் படம் வேறு மாதிரி இருக்கும்: முழுக்கோடும் ஒரு பக்கமாக நகரும், அதன் வளைவு மாறாது. இந்த மூன்று வடிவங்களையும் கண்ணால் பிரித்தறியக் கற்றுக்கொண்டதுதான் எனக்கு இந்த ஆறு மாதத்தில் கிடைத்த மிகப் பயனுள்ள திறமை.

இங்கே ஒரு கிளைக்கதை. 18.5 என்ற எண்ணைப் பார்த்ததும் நான் துள்ளினேன். ஜிபிஎஸ் நேரத்துக்கும் யுடிசிக்கும் 2017 ஜனவரி 1 முதல் சரியாக 18 விநாடி வித்தியாசம். லீப் விநாடிகள் சேர்ந்த கணக்கு. ஏதோ ஒரு நூலகம் இரண்டையும் குழப்பியிருக்கிறது என்று முடிவு கட்டி, ஒரு நாள் முழுக்க எஸ்ஜிபி4 நிரலை வரி வரியாகப் படித்தேன். அக்கா மகள் இரண்டே வாக்கியத்தில் முடித்தாள்: "ஜிபிஎஸ் முன்னாடி ஓடும், நம்ம கடிகாரம் பின்னாடி ஓடுது. அப்புறம், பதிமூணாம் நாள் பதிவுல 22 வருது மாமா."

பதினேழாம் நாள் காலைப் பதிவில் 29. புள்ளிகளை வரைபடத்தில் வைத்தோம். நேர்கோடு. நாளுக்கு 1.7 விநாடி, அதாவது பத்து லட்சத்தில் 20 பங்கு பிசகு. சாதாரணப் படிகம் ஒன்று இவ்வளவு பிசகுவது சகஜம். அண்ணனின் நோட்டு முறைப்படி கோட்டைப் பின்னால் நீட்டினோம். அது பூஜ்யத்தைத் தொட்ட நாள், நாங்கள் ஹாட்ஸ்பாட்டிலிருந்து விருந்தினர் வைஃபைக்கு மாற்றிவிட்டுப் புரோட்டா சாப்பிட்ட ஞாயிற்றுக்கிழமை.

ஏன் ஒன்று வந்தது, ஒன்று வரவில்லை

மீட்டியோர் 820 கிலோமீட்டர் உயரத்தில், 137 மெகாஹெர்ட்ஸில் பேசுகிறது. அங்கே டாப்ளர் மாறும் வேகம் உச்சத்தில்கூட விநாடிக்கு 30 ஹெர்ட்ஸைத் தொடாது. 18.5 விநாடிப் பிழையால் 500 ஹெர்ட்ஸ் விலகும். சிக்னலோ 72,000 சிம்பல் அகலம். டீகோடர் தானாகவே அதைப் பிடித்துக்கொண்டு போய்விடும். ஆன்டெனாவும் வானம் முழுதும் பார்க்கும் வகை. பதிவு 18.5 விநாடி தாமதமாகத் தொடங்கினால் படத்தின் ஓரத்தில் சில வரிகள் போகும், அவ்வளவுதான்.

437இல் கடிகார நேரப்படி டாப்ளரைக் கணித்துத் திருத்திவிட்டுத்தான் பிரிக்கிறோம். அங்கே அதே பிழை உச்சத்தில் கிட்டத்தட்ட 3 கிலோஹெர்ட்ஸ். இரைச்சலைக் குறைக்க வேண்டும் என்று நாங்கள் மென்பொருள் வடிகட்டியை 6 கிலோஹெர்ட்ஸ் அகலத்துக்கு இறுக்கி வைத்திருந்தோம், நடுவிலிருந்து இரு பக்கமும் மூன்று மூன்று. சிக்னலே 4 அகலம். கோள் தலைக்கு மேல் வந்து சத்தமாகப் பேசும்போது அது வடிகட்டியின் சுவரில் முட்டிக்கொண்டு நின்றது. தொடுவானத்தில் இருக்கும்போது டாப்ளர் மெதுவாக மாறுவதால் அலைவரிசை சரியாக இருந்தது, ஆனால் 14 டெசிபெல் பலவீனம். கேட்கிற நேரத்தில் இடம் தப்பு, இடம் சரியான நேரத்தில் கேட்கவில்லை. போதாததற்குச் சுழலியும் பின்தங்கியது; யாகியின் பார்வை அகலமானதால் அது பெரிய நஷ்டம் செய்யவில்லை.

சோதித்துப் பார்க்க ஒரு நல்ல பதிவை எடுத்து, டாப்ளர் கணக்கில் வேண்டுமென்றே நேரப் பிழையைப் புகுத்தினோம். 6 விநாடி வரை தாங்கியது. 10இல் பாதிப் பாக்கெட்கள் போயின. 15இல் எல்லாமே. நாங்கள் கியூப்சாட்டுக்கு வந்ததே 15ஐத் தாண்டிய பிறகு. ஒரு வாரம் முன்னால் தொடங்கியிருந்தால் எல்லாம் வந்திருக்கும். பிறகு நாளாக நாளாகக் குறைந்து, நாங்கள் ஆன்டெனா துருப்பிடிக்கிறது என்று நினைத்திருப்போம்.

பழைய 23 பதிவுகளையும் நேரத்தைத் திருத்தி மறுபடி பிரித்தோம். 14இல் பாக்கெட்கள் இருந்தன. ஒன்றில் பேட்டரி வோல்ட்டேஜும் சூரியத் தகட்டின் வெப்பநிலையும். கோள் அனுப்பிப் பத்து நாள் கழித்து நாங்கள் கேட்டோம்.

என்ன மாற்றினோம்

வைஃபையில் எங்கள் பெட்டிக்கு மட்டும் 123ஆம் போர்ட்டைத் திறந்துவிட்டார்கள். நேரத்தை ஒத்திசைக்கும் குரோனி மென்பொருளைப் போட்டோம். சில வெள்ளிக்குக் கிடைக்கும் டிஎஸ்3231 கடிகாரச் சில்லு ஒன்று, பொத்தான் பேட்டரியோடு. கரண்ட் போனாலும் நேரம் போகாது, பிசகும் பத்து லட்சத்தில் இரண்டு அளவுதான். இவை வாங்கி மாட்டுகிற விஷயம்.

நிரலில் செய்தது அதைவிட முக்கியம் என்பது என் கருத்து. ஒவ்வொரு பதிவோடும் ஒரு சிறு கோப்பு சேர்கிறது. கடிகாரம் யாரோடு, எப்போது ஒத்திசைந்தது, பிழை எவ்வளவு, டிஎல்இயின் வயது, டாங்கிளின் பிசகு, வட்டில் மீதி இடம். கடிகாரம் அரை விநாடிக்கு மேல் நம்பத் தகாததாக இருந்தால் நிலையம் பதிவை நிறுத்துவதில்லை. பதிந்துவிட்டு, கோப்பில் "நேரம் சந்தேகம்" என்று குறித்து, போனுக்கும் சொல்கிறது. நிறுத்திவிடலாம் என்றுதான் முதலில் எழுதினேன். கடப்பு திரும்பி வராது, நேரத்தைப் பிறகு திருத்திக்கொள்ளலாம் என்பதை அந்த 14 பதிவுகள் காட்டியதால் மாற்றினேன். பிரித்து முடித்ததும் எஸ்ஸின் நடுப்புள்ளியைத் தானாகக் கண்டுபிடித்து, கணிப்பிலிருந்து எத்தனை விநாடி விலகல் என்று எழுதவும் செய்கிறோம். கோள்களையே நேரக் குறிப்பாக வைத்துக் கடிகாரத்தைச் சோதிப்பது அது. அண்ணனுக்கு இந்தப் பகுதி ரொம்பப் பிடித்துவிட்டது. தினமும் மேகப் படத்தோடு அந்த எண்ணும் போகிறது, அவர் அதை ஒரு நோட்டில் ஏற்றிக்கொண்டிருக்கிறார்.

இன்னும் தீராதது ஒன்று இருக்கிறது. நம் ஊரில் துருவக் கோள்கள் ஏறக்குறைய வடக்கு தெற்காகவே போகும். தெற்கிலிருந்து எழுந்து, கொஞ்சம் கிழக்காக உயர்ந்து போகிறவை முடியும் தறுவாயில் சரியாக வடக்கைத் தாண்டும்: 10 டிகிரி, 5, 0, அப்புறம் 355. எங்கள் நிரலுக்கு 0க்கும் 355க்கும் இடையே ஐந்து டிகிரி என்று தெரியாது. சுழலி முழு வட்டம் அடித்துக்கொண்டு திரும்பி வருவதற்குள் கோள் இறங்கிவிடுகிறது. சுழலி ஒரு முழு வட்டத்துக்கு மேலும் போகக்கூடியது, ஆகவே கடப்பு தொடங்குமுன்பே எந்தச் சுற்றில் நிற்பது என்று முடிவு செய்துகொண்டால் தீரும். அந்தக் கணக்கை அக்கா மகள் எழுதிக்கொண்டிருக்கிறாள். அதுவரை அந்தக் கடப்புகளுக்கு மட்டும், கடைசி இரண்டு நிமிடம், மச்சான் மாடியில் நின்று யாகியைக் கையால் பிடித்துத் திருப்புகிறார்.